ஐந்து மீட்டர் நாற்பது

விழுந்த பல்லின் குழியை நாக்கு தேடுவதுபோல்
சந்தில் போகிற எல்லோரும்
அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்கள்.
பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் நடுவே
ஐந்து மீட்டர் நாற்பது.
தீ விட்டுவைத்த கரியை
பெர்கன் மழை இரண்டு வருடமாகக் கழுவிக்கொண்டிருந்தது.

ஹல்வார்டுக்குக் கண்ணாடி வேண்டும்,
தரையிலிருந்து கூரைவரை, துறைமுகம் தெரிய.
மெரெத்தவுக்குக் குளியலறையில் வெதுவெதுப்பான தரை.
நகராட்சிக்குச் "சூழலோடு இசைந்த" ஒன்று.
அது எப்படி இருக்கும் என்று கேட்டேன்.
பார்த்தால் தெரியும் என்றார்கள்.

முதல் வரைபடத்துக்கு வெட்கமே இல்லை.
இரண்டாவதில் வெட்கத்தைத் தவிர எதுவுமில்லை:
பக்கத்து வீட்டுச் சன்னல், அதன் மரச்சுருள்,
கதவுக்கு மேல் அரைவட்டம், எல்லாம் அப்படியே.
படியின் தேய்மானத்தைக்கூட
அரத்தால் ராவி வரவழைக்கலாம் என்று
ஓரத்தில் குறித்திருந்தேன்.
இறந்தவரின் சட்டையை மாட்டிக்கொண்டு
துக்கம் கேட்க வந்தவன்போல் நின்றது அந்த வீடு.
கிழித்தேன்.

பிறகு ஒரு வாரம் வரையவில்லை. அளந்தேன்.
வாசற்படிகள்: மூன்று, மூன்று, நான்கு, மூன்று.
சுவர்ப்பலகை எதுவும் இன்னொன்றின் அகலமில்லை.
ஒரு வீடாவது சந்துக்கு நேராக நிற்க வேண்டுமே?
நெரிசலில் வழிவிடத்
தோளைச் சற்றே திருப்பியவர்கள்போல் நிற்கின்றன.
வெள்ளை என்று நாங்கள் சொல்வது
பதினோரு வெள்ளை.

ஆட்சேபம் பதினாறிலிருந்து வந்தது.
தொருன் ஸ்கார்ஸ்தாத், பல் மருத்துவமனைக் கணக்கர்,
கையால் எழுதிய இரண்டு பக்கம்.
கண்ணாடியைப் பற்றி ஒரு வரி இல்லை.
எரிந்த வீட்டின் கூரை நடுவில் தொய்ந்திருந்தது.
அந்தத் தொய்வின் வழியாக, மார்ச்சில், நாலு மணிக்கு,
என் சமையலறை மேசைக்கு வெயில் வரும்.
இருபது நிமிடம்.
இப்போது பிற்பகல் முழுதும் வருகிறது.
அதை நான் கேட்கவில்லை, அது என்னுடையதல்ல.
அந்த இருபது நிமிடம் மட்டும்.

போனேன். காபி கொடுத்தார்.
மேசைமேலிருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டினார்:
வார்னிஷில் வெளிறிப்போய்
சாய்ந்த ஆப்புபோல் ஒரு வடிவம்.
முப்பது மார்ச்சுகளின் வெயில்
தன் அளவைத் தானே எழுதிவைத்திருந்தது.
மெல்லிய தாள் வைத்துப் படியெடுத்தேன்.

இதுவரை எந்த வீட்டையும்
பக்கத்து வீட்டு மேசையிலிருந்து
நான் தொடங்கியதில்லை.
ஆப்பின் நுனி, சூரியனின் கோணம், பின்னோக்கி ஒரு கோடு.
முகடு நடுவில் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் இறங்கியது.

அங்கே நான் குனிய வேண்டுமே, என்றார் ஹல்வார்ட்.
அவர் ஒன்று தொண்ணூற்று நான்கு.
ஆமாம், என்றேன்.
நெடுநேரம் தாளையே பார்த்தார்.
கட்டிலை அங்கே போடு, என்றாள் மெரெத்த,
படுத்தவனுக்கு எதற்கு உயரம்?

அதற்குப் பிறகு எல்லாம் தானாகவே வந்தது
என்றால் பொய். ஆனால் வந்தது.
கண்ணாடி பின்பக்கம் போனது, துறைமுகத்தை நோக்கி.
சந்தின் பக்கம் மூன்று சன்னல்கள்,
அண்டை வீடுகளின் அளவில், சுருள் ஏதுமின்றி,
ஆழமாக, ஒரு பூனை உட்காரும்படி.
எஃகுப் படிகள், மூன்று.
துத்தநாகக் கூரை, தெரிந்தே தொய்ந்தது.
பன்னிரண்டாவதாக ஒரு வெள்ளை.
குழுவில் ஒருவர், இது பழையதுபோல் இல்லையே என்றார்.
இல்லை, என்றேன். கையெழுத்திட்டார்.

அடுத்த மார்ச் முழுதும் நாலு மணிக்கு மழை.
இருபத்தாறாம் தேதி என் தொலைபேசிக்கு
ஒரு படம் வந்தது:
மேசை, காபிக் கோப்பை, வெயில்.
பழைய வெளிறலை விட்டு
இரண்டு விரல் தள்ளி விழுந்திருந்தது.

எங்கே பிசகினேன் என்று கணக்கைத் திறப்பதற்குள்
அடுத்த செய்தி:
மேசையை நகர்த்திக்கொண்டேன்.